பகல் அல்லி

பொட்டலத்தில் ஒட்டியிருந்த பெயரைத்
தமிழில் சொல்லிப் பார்த்தேன்: பகல் அல்லி.
சிரிப்பு வந்தது.
அல்லி என்றால் நிலவுக்கு விழிப்பது,
வெயில் ஏறினால் மூடிக்கொள்வது.
இது பகலில் பூக்குமாம், பூவுக்கு ஒரே ஒரு பகல்.
நமக்குத் தெரிந்த அல்லிக்குக் குளம் வேண்டும்.
இதற்கோ தொட்டித் தட்டில் சொட்டு நீர் நிற்கக் கூடாது.
நின்றால் வேர் அழுகும்.
அதற்கு முன்பே டெங்கி ஆய்வாளர் வந்துவிடுவார்.

யீஷூன், ஒன்பதாம் மாடி,
கிழக்கு பார்த்த தாழ்வாரம்.
நகர மன்றத்தின் கடிதம் விடச் சொன்ன அகலத்தை
டேப் பிடித்து அளந்து விட்டுவிட்டு
மிச்சத்தில் மூன்று தொட்டிகள்.
விசிறி விசிறியாய் இலைகள் வந்தன.
இரண்டு வருடம்
இலைகள் மட்டுமே வந்தன.

குளிர் காணாமல் பூக்காத ஜாதி, அண்ணே,
என்றார் நாற்றுப்பண்ணை ஜம்ரி.
நான் விற்றதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.
குளிருக்கு எங்கே போவேன்?
இந்த ஊரில் உள்ளது
மழையும் மழைக்கு முந்திய புழுக்கமும்.

இலையை ஒட்ட வெட்டினேன்.
மண்ணை உதறி, வேரைக் காயவிட்டு,
பழைய நாளிதழில் சுற்றி
குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில்,
தோசை மாவுக்குக் கீழே,
எட்டு வாரம் மார்கழி கொடுத்தேன்.
இஞ்சியென்று நறுக்கியிருப்பேன், தெரியுமா,
என்றாள் இந்திராணி.
கத்தி கையில்தான் இருந்தது.

மறுபடி நட்டதும் துரு விழுந்தது.
துரு எனக்குப் பழக்கம்.
கடைசி ரயில் போனபின் சுரங்கத்தில் இறங்கி
முதல் ரயிலுக்குள் ஏறிவிடுகிறவன் நான்.
தண்டவாளத்தைத் தடவினால்
விரலில் ஒட்டும் அதே செம்பொடி
இலையின் அடியிலும் ஒட்டியது.
இரும்பைத் தேய்த்து மீட்கலாம்.
இலையை வெட்டி, பையில் கட்டி,
குப்பைக் குழாயில் போட வேண்டும்,
கைகழுவிவிட்டு அடுத்த தொட்டியைத் தொட வேண்டும்.
அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறகு ஒரு நாள்
இலைகளின் நடுவே விறைப்பாய் ஒரு தண்டு.
உச்சியில் பதின்மூன்று மொட்டுகள்.
எண்ணினேன். மறுநாளும் எண்ணினேன்.

முதல் பூவன்று வேலை நீண்டுவிட்டது.
இரண்டாவதற்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தேன்.
சூரியன் ஏழுக்கு வந்தது,
தூக்கம் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டது.
நான்கு மணிக்கு எழுந்து வந்தால்
ஈரத் துணியைப் பிழிந்து போட்டதுபோல்
தண்டில் ஏதோ தொங்குகிறது.
என்ன நிறம் என்று இந்திராணியைக் கேட்டேன்.
பழுத்த பப்பாளியை அறுத்த நிறம்,
உள்ளே கொஞ்சம் கருஞ்சிவப்பு, என்றாள்,
காய்ந்த துணியை மடித்துக்கொண்டே.

ஒன்பதாவது பூ வாடிய மாலை
பக்கத்து வீட்டு மேடம் ஓங்
ஒரு பிஸ்கட் டின்னை நீட்டினார்.
உள்ளே ஒன்பது முடிச்சுகள்.
வாடியதை ஒவ்வொரு நாளும் கிள்ளி,
வெயிலில் உலர்த்தி,
பிரியாமல் இருக்க நடுவில் ஒரு முடிச்சு.
கிம் சியாம், என்றார்,
எங்கள் சூப்பில் இப்படித்தான் கட்டிப் போடுவோம்.
இது சமைக்க இல்லை.
நீ தூங்கினாய், நான் கணக்கு வைத்தேன்.

அவர் மலாயும் என் மலாயும் சேர்ந்து
அதற்கு மேல் ஒன்றும் பேச முடியவில்லை.

கடைசி மொட்டின் இரவு
தண்டவாளத்துக்கு நடுவே முழங்காலிட்டு
ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன்.
மணி மூன்றரை.
மொட்டு தளரத் தொடங்கும் நேரம்.
முடுக்கிய திருகாணியையே
இன்னொரு முறை முடுக்கினேன்.

ஐந்தரைக்கு லிப்ட் திறந்தது.
வெளியே இருட்டு.
தாழ்வாரத்தில் விடிய விடிய எரியும் குழல்விளக்கு.
அதைச் சூரியனென்று நம்பி
முழுதாய் விரிந்து நிற்கிறது
பப்பாளி நிறப் பூ.

அப்படி வா.
அல்லிதான் நீ.

பூட்ஸைக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்தேன்.
யாரையும் எழுப்பவில்லை.

சாயங்காலம்
பதின்மூன்றாவது முடிச்சை நானே போட்டேன்.
மேடம் ஓங் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சூப்பில் விழுந்தால் அவிழ்ந்துவிடும், என்றார்,
டின்னை மூடினார்.